போன மாசத்தை முடிச்சிட்டு வாரும்: டெபிட் கார்டு அணியின் பேச்சு

நடுவர் அண்ணாச்சி அவர்களே, வில்லுப்பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று பார்த்துக்கொண்டே எங்களையும் சகித்துக்கொண்டிருக்கிற, கோயில் கொடைக்கு வந்த சனங்களே, வணக்கம்.

அன்றாடச் செலவுக்கு டெபிட் கார்டா, கிரெடிட் கார்டா? நான் டெபிட் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி மதினி ஒரு போடு போட்டார்கள்: "கிரெடிட் கார்டு என்ன புதுசா, நம்ம அண்ணாச்சி கடைப் பற்று நோட்டுதானே, மாசம் பூரா வாங்கு, சம்பளம் வந்ததும் கட்டு." நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன்.

ஆனால் மதினி அந்த நோட்டைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று போல. நான் நேற்றும் பார்த்தேன். அட்டை கிழிந்த நீள நோட்டு, மூலையில் நூல் கட்டிய பேனா, நல்லெண்ணெய்க் கறை படிந்த பக்கத்தில் எங்கள் வீட்டுப் பெயர். போன வருஷம் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டியதில் 640 ரூபாய் பாக்கி விழுந்துவிட்டது, அது தெரியாத மாதிரி நான் முந்திரிப்பருப்பு கால் கிலோ கேட்டேன். கடை அண்ணாச்சி கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். "போன மாசத்தை முடிச்சிட்டு வாரும்வே. முந்திரி எங்கேயும் ஓடிறாது." அரிசி, பருப்பு மட்டும் போட்டுக் கொடுத்தார். அந்தப் பார்வை எந்த கிரெடிட் கார்டில் இருக்கிறது மதினி? அது பாக்கி இருக்கிறவனைப் பார்த்துத்தான் உங்கள் லிமிட்டை உயர்த்தித் தரட்டுமா என்று மெசேஜ் அனுப்புகிறது. டெபிட் கார்டுக்கு அந்த அண்ணாச்சி குணம் உண்டு, கணக்கில் இல்லையென்றால் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடும். அவமானம்தான், இருக்கட்டும்.

அப்புறம் வட்டி. அண்ணாச்சி 640-க்கு 640-தான் வாங்கினார். நானும் ஒரு காலத்தில் கிரெடிட் கார்டு வைத்திருந்தவன், எந்த வங்கி என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதம் பில் 24,000. கீழே 'குறைந்தபட்சத் தொகை 1,200' என்று போட்டிருந்தான். ஆஹா, எவ்வளவு நல்ல மனுஷன் என்று அதை மட்டும் கட்டினேன். மீதி 22,800-க்கு மாதம் மூன்றரை சதவீதம், வருஷத்துக்கு 42. வட்டி 798, அதன் தலையில் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 940 ரூபாய் சொச்சம். நான் கட்டிய 1,200-ல் கடன் குறைந்தது 260 ரூபாய்கூட இல்லை. இதுவே சலுகைக் கணக்கு, உண்மையில் வாங்கின தேதியிலிருந்து வட்டி போடுவான். இன்னொன்று எனக்கு அப்போது தெரியாது. பழைய பாக்கி நின்றால் புதுச் செலவுக்கும் அந்த வட்டியில்லாத 45 நாள் தவணை கிடையாது, மருந்துக்கடையில் வாங்கிய 180 ரூபாய் மாத்திரைக்கு அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிட்டது. கந்துவட்டி என்றால் என்ன என்று நெல்லைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ஆனால் ஏசி ரூமிலிருந்து வந்தால் நமக்கு அடையாளம் தெரிவதில்லை.

கிரெடிட் கார்டில் வாங்கினால் பரிசு பாயிண்ட் கிடைக்கும் என்றார்கள். யார் கொடுக்கிற பாயிண்ட்? கிரெடிட் கார்டைத் தேய்த்தால் ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு சதவீதம் கடைக்காரரிடம் பிடிக்கிறார்கள். நம்ம நாட்டு ரூபே டெபிட் கார்டு என்றால் 2020 ஜனவரியிலிருந்து அவருக்குக் கட்டணமே இல்லை. நோட்டில் கடன் கொடுத்த மனுஷனிடமே பிடுங்கி மதினிக்குப் பாயிண்ட்!

மதினி சொன்னதில் ஒன்று எனக்கு உறைத்தது, அதை மறைக்க மாட்டேன். திருடன் டெபிட் கார்டில் கை வைத்தால் போவது நம் காசு, கிரெடிட் கார்டில் என்றால் வங்கியின் காசு. வாஸ்தவம். ரிசர்வ் வங்கி 2017-ல் விதி போட்டிருக்கிறது: நம் மேலும் வங்கி மேலும் தப்பில்லாமல் வெளியாள் செய்த மோசடி என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் கிடையாது, பத்து வேலை நாளுக்குள் பணத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் அந்தப் பத்து நாள் அடுப்பெரிய வேண்டுமே? அதனால் நான் இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். சம்பளக் கணக்கின் கார்டு பீரோவில் தூங்குகிறது. இன்னொன்றில் மாசச் செலவுக்கு 9,000 மட்டும் போடுவேன், அதன் கார்டுதான் சட்டைப்பையில். பின் நம்பர் கேட்காமல் 5,000 வரை கார்டை மெஷினில் தட்டிவிட்டுப் போகலாம் என்கிற வசதியையும் ஆப்பில் அணைத்து வைத்திருக்கிறேன். திருடன் வந்தால் மாசக் கடைசியில் வரட்டும்.

கடைசியாக, 2023 டிசம்பர் வெள்ளம். தாமிரபரணி ஊருக்குள் வந்து, எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஏடிஎம் இருட்டாகக் கிடந்தது. என் டெபிட் கார்டும் மதினியின் கிரெடிட் கார்டும் ஒரே விலை, வெறும் பிளாஸ்டிக். அன்றைக்கு முழங்கால் தண்ணீரில் நின்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், பால் பவுடரும் ரஸ்க்கும் கொடுத்து நோட்டில் எழுதியவர் அண்ணாச்சி. அவரைப் போய் கார்டு என்று சொல்லிவிட்டீர்களே மதினி?

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நான் உட்காருகிறேன். போகிற வழியில் அரைக் கிலோ சீனி வாங்கி வரச் சொல்லியிருக்கிறாள் வீட்டில். இன்றைக்குத் தேதி 29, என் கார்டில் 212 ரூபாய் இருக்கிறது. போதும். வணக்கம்.