மோ வாய் திறந்தால்தான் வருவார்கள்

நடுவர் அவர்களே, ராயபுரத்துப் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம். கதைமாந்தருக்கு உயிர் கொடுப்பது எழுதுபவரா, வாசிப்பவரா? கார்னேலியா ஃபூங்கே 2003-இல் ஜெர்மன் மொழியில் எழுதி, ஆங்கிலத்தில் 'இங்க்ஹார்ட்' என்று வந்த நாவலை வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். வாசிப்பவரே என்பது எங்கள் கட்சி.

மோ புத்தகம் பைண்டு செய்கிறவர். அவர் உரக்கப் படித்தால் கதையில் இருக்கும் ஆட்கள் வெளியே வந்துவிடுவார்கள். ஒருநாள் ராத்திரி அப்படிப் படித்தபோது கேப்ரிகார்ன் என்ற கொடியவன் வந்து நின்றான். மோவின் மனைவி ரேசா புத்தகத்துக்குள் போய்விட்டாள். கேப்ரிகார்னைப் படைத்த எழுத்தாளர் ஃபெனோலியோவோ, இது எதுவும் தெரியாமல் தன் ஊரில் இருக்கிறார்.

எழுத்தே இல்லாவிட்டால் மோ எதைப் படிப்பார் என்று எதிரணி அம்மா கேட்டார். சரி, எழுத்து வேண்டும். ஆனால் மோவைப் போலவே படித்து ஆட்களை வரவழைக்கும் டேரியஸ் என்ற இன்னொருவனும் அதே எழுத்தைத்தான் படிக்கிறான். பயத்தில் அவன் நாக்குத் தடுமாறுகிறது. அதனால் வருகிறவர்கள் குறையோடு வருகிறார்கள். ரேசாவை வெளியே கொண்டுவந்தவனும் அவன்தான். குரலை இழந்து வந்தாள். எழுத்து மாறவில்லையே அம்மா, வாய்தானே மாறியது?

இதற்கு ஜெர்மனி வரை போக வேண்டாம். பக்கத்துக் கொண்டித்தோப்பில் இரத்தின நாயகர் சன்ஸ் அச்சடித்த பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்களை இங்கே வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படிக்கத் தெரிந்த ஒருவர் விளக்கடியில் உட்கார்ந்து ராகம் இழுத்துப் படிப்பார்; சுற்றிலும் எழுத்துத் தெரியாதவர்கள் கேட்பார்கள். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போடும் இடம் வந்தால் படிக்கிறவர் தொண்டை அடைக்கும், பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். அல்லி அரசாணி மாலைக்குப் புகழேந்திப் புலவர் பேர் போட்டிருக்கும். நளவெண்பா பாடிய புகழேந்திதான் அதையும் பாடினார் என்று அறிஞர்கள் ஒத்துக்கொள்வதில்லை. யார் பாடியது என்றே உறுதி இல்லை. அல்லியோ அத்தனை மிடுக்காக நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள். எழுத்துத் தெரியாத நம் பாட்டிகளுக்கு அவளைக் காட்டியது ஒரு குரல்தான்.

அப்புறம், கேப்ரிகார்னை ஒழித்தது அந்தக் கதைக்கு ஃபெனோலியோ பிறகு எழுதிய புது முடிவுதான் என்றார்கள் எதிரணியில். அந்தத் தாள் தாளாகவே இருந்தவரை கேப்ரிகார்னுக்கு ஒரு கீறல் விழவில்லை. மோவின் மகள் மெகி, பன்னிரண்டு வயதுப் பெண், அதைப் படிக்கிறாள். கொல்லும் வரி வந்ததும் அவளால் முடியவில்லை, நிறுத்திவிடுகிறாள். அப்பா வாங்கிப் படித்து முடிக்கிறார். அவள் நிறுத்துவாள் என்று ஃபெனோலியோ அந்தத் தாளில் எழுதவில்லை நடுவர் அவர்களே! ஒருவன் சாகிறான் என்று மேஜையில் உட்கார்ந்து எழுதிவிடலாம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த வரியைச் சொல்ல அந்தக் குழந்தைக்கு மனம் வரவில்லை. உயிர் யார் கையில் இருந்தது என்பதற்கு இதைவிட எனக்குச் சாட்சி வேண்டாம்.

வாசித்து முடித்துப் பார்த்தால் ஃபெனோலியோவைக் காணோம். தான் எழுதிய கதைக்குள்ளேயே போய்விட்டார். எழுதியவரையே உள்ளே அனுப்பியது எந்தக் குரல் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.