ரசீது புத்தகத்தை இளைஞர் கையில் கொடுங்கள்

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும், மாவட்டம் எத்தனையாகப் பிரிந்தாலும் இன்னும் வடஆற்காடு என்றே சொல்லிக்கொள்கிற பெரியவர்களுக்கும் வணக்கம்.

சேவைச் சங்கங்களைப் பற்றி, அதில் இளைஞர்களின் பங்கைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் இந்த ஊரில் பல வருஷமாக ஒரு சேவைச் சங்கத்தில் இருக்கிறேன். எந்தச் சங்கம் என்று சொல்லவில்லை. ரோட்டரி, லயன்ஸ் போன்ற பெரிய அமைப்பாக இருந்தாலும் சரி, உங்கள் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து நடத்துகிற நற்பணி மன்றமாக இருந்தாலும் சரி, நான் சொல்லப்போவது எல்லாருக்கும் பொதுவானது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். எல்லாச் சங்கத்திலும் இளைஞர் அணி என்று ஒன்று இருக்கிறது, கல்லூரிப் பிள்ளைகள் ஆசையாக வந்து சேருகிறார்கள், ஆனால் அவர்களை நாம் எதற்குக் கூப்பிடுகிறோம் என்று பாருங்கள்: நாற்காலி போட, பேனர் கட்ட, தண்ணீர் பாட்டில் கொடுக்க, விருந்தினர் வரும்போது வாசலில் வரிசையாக நிற்க. கூட்டம் போட்டு முடிவெடுக்கிற இடத்தில் அவர்கள் கிடையாது. கணக்கு எழுதுகிற இடத்தில் கிடையவே கிடையாது. அப்புறம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்கிறோம். பொறுப்பைக் கொடுக்காமல் எங்கிருந்து வரும்?

முதலில் வசூலைப் பற்றிப் பேசுவோம். பணம் கேட்டுப் போவது சுலபமான வேலை இல்லை. லாங் பஜாரில், மண்டித் தெருவில் வியாபார நேரத்தில் ஒரு கடையில் ஏறி நன்கொடை என்று நின்றால், கடைக்காரர் முதலில் முகத்தைப் பார்ப்பார், அடுத்து ரசீது புத்தகத்தைப் பார்ப்பார். ஒருமுறை எங்கள் இளைஞர் அணியோடு போயிருந்தபோது மளிகைக் கடைக்காரர் ஒருவர், கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே, "போன வருஷமும் வாங்கிட்டுப் போனீங்களே, அதை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார். பெரியவர்கள் நாங்கள் பேச வாயெடுப்பதற்குள், கூட வந்திருந்த கல்லூரிப் பெண் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். போன வருஷம் மொத்தம் எவ்வளவு வந்தது, எந்தப் பள்ளிக்கு என்ன வாங்கினோம், எந்தக் கடையில் வாங்கினோம், மீதி எவ்வளவு வங்கியில் இருக்கிறது என்று அவளே எழுதி வைத்திருந்த கணக்கு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்து முடித்துவிட்டு, போன வருஷம் கொடுத்ததைவிடக் கூடவே கொடுத்தார்.

கடைக்காரருக்குக் கோபமெல்லாம் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கு ஒரு பதில் தயாராக இருந்தது, அவ்வளவுதான். நன்கொடை கொடுக்கிறவர்கள் கஞ்சத்தனத்தால் கையை இழுப்பது ரொம்பக் குறைவு. கொடுத்தது எங்கே போனது என்று தெரியாததால்தான் இழுக்கிறார்கள்.

லயன்ஸ் சங்கங்களில் ஒரு விதி உண்டு, பெரும்பாலான ஆட்களுக்கு அது தெரியாது. பொதுமக்களிடம் வாங்கின பணத்தைச் சங்கத்தின் நிர்வாகச் செலவுக்குத் தொடக்கூடாது. உறுப்பினர் சந்தா ஒரு கணக்கு, மக்கள் பணம் இன்னொரு கணக்கு. கூட்டத்துக்கு டீ, பஜ்ஜி, மண்டப வாடகை எல்லாம் சந்தாவில்தான். நம் ஊர் நற்பணி மன்றங்களும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒரு செலவும் இல்லை, வங்கியில் இரண்டு கணக்கு திறந்தால் போதும். ரசீதின் அடிக்கட்டையைத் தூக்கிப்போடாதீர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு இளைஞர் எழுந்து வரவு செலவைப் படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கட்டும். பெரிய தொகை கொடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை அதற்குக் கிடைக்காது, காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள்.

வசூல் என்றதும் இந்த ஊரில் சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மாவை நினைக்காமல் இருக்க முடியாது. சிஎம்சியை எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதற்கு முன்னால் அவர் பணம் கேட்டு நின்ற கதையை நாம் அதிகம் பேசுவதில்லை. மருத்துவப் படிப்பை 1899-ல் முடித்துவிட்டு, வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று அமெரிக்காவில் நன்கொடை கேட்டார். அப்போது அவருக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. ஷெல் என்கிற ஒரு வங்கியாளர் தன் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். அந்தப் பணத்தில் 1902-ல் நாற்பது படுக்கையோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. ஆரணி ரோட்டில் இன்றைக்கு ஷெல் கண் ஆஸ்பத்திரி என்கிறோமே, அந்த வளாகம்தான். நம் வீட்டுப் பாட்டிகளில் எத்தனை பேர் அங்கே கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்கள்! பணம் கேட்கப் போனவர் ஓர் இளம்பெண். ஆனால் எதற்குப் பணம், எந்த ஊரில், யாருக்கு என்று அவரிடம் தெளிவான பதில் இருந்தது. "ஏழைகளுக்கு உதவப் போகிறோம்" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் மனசு இளகாது. இந்தப் பள்ளிக்கு, இந்தக் கழிப்பறைக்கு, இவ்வளவு ரூபாய் என்று சொல்லிப் பாருங்கள்.

இரத்த தானம். இதைச் சொல்லாமல் வேலூரில் சேவை பற்றிப் பேச முடியாது. வங்காளத்திலிருந்து, ஜார்க்கண்டிலிருந்து, அசாமிலிருந்து, எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்து சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வருகிற குடும்பங்களைத் தினமும் பார்க்கிறோம். சொந்தபந்தம் கிடையாது, பாஷை தெரியாது, லாட்ஜில் ஓர் அறை, கையில் ஒரு ஃபைல். அவர்களுக்கு இரத்தம் தேவைப்பட்டால் யாரைப் போய்க் கேட்பார்கள்? எங்கள் பிள்ளைகள் போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்: பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி. அந்தக் கடைசித் தேதிதான் முக்கியம், ஏனென்றால் ஆண்கள் ஒருமுறை கொடுத்தபின் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். 18 வயசு முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது இருக்க வேண்டும், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுகிற பிள்ளைகள் உண்டு, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஆனால் ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். அக்டோபர் 1 தன்னார்வ இரத்த தான நாள் என்று எல்லாச் சங்கமும் அந்த வாரத்திலேயே முகாம் போடுகிறோம். இரத்தத்தை வருஷக்கணக்கில் சேர்த்து வைக்க முடியாது. சிவப்பணு அதிகபட்சம் 42 நாள், தட்டணு ஐந்தே நாள். ஏப்ரல், மே மாதத்தில் பரீட்சை முடிந்து கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், வேலூர் வெயிலில் முகாமுக்கு யாரும் வரமாட்டார்கள், ஆனால் நோயாளிகள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். அந்த மாதங்களில் முகாம் போடுகிற சங்கத்தை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். காட்பாடியில் ஒரு மாதம், சத்துவாச்சாரியில் அடுத்த மாதம், குடியாத்தத்தில் அதற்கடுத்த மாதம் என்று சங்கங்கள் தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்ளலாம். யார் பேனர் பெரிசு என்று பார்க்காமல் இருந்தால் அது நடக்கும்.

சரி, எனக்கு மனசுக்கு ரொம்பப் பிடித்த வேலைக்கு வருகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம், பை கொடுக்கிறோம், நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படிப்பு உதவித்தொகைக்காக என்எம்எம்எஸ் என்று ஒரு தேர்வு இருக்கிறது, எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைகள் எழுதலாம், குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்ச்சி பெற்று உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாசம் 1,000 ரூபாய், நாலு வருஷத்துக்கு 48,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு 6,695 இடம். பீடி சுற்றுகிற, தீப்பெட்டி ஒட்டுகிற வீட்டில் மாசம் ஆயிரம் என்றால் ஒரு பெண் பிள்ளையின் படிப்பு நிற்காமல் தொடரும். அந்தத் தேர்வுக்கு ஐந்து பிள்ளைகளைத் தயார் செய்து அவர்கள் தேர்வானால், அந்த ஐந்து வீட்டுக்கும் சேர்த்து 2,40,000 ரூபாய். இதை எந்தச் சங்கம் ஒரு மேடையில் எடுத்துக் கொடுத்துவிட முடியும்?

அதனால் எங்கள் இளைஞர் அணி அணைக்கட்டு பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறது. என்ன பாடம், யார் எடுப்பது, எந்தக் கேள்வித்தாள் என்று எல்லாம் பிள்ளைகளே முடிவு செய்தார்கள். தேர்வில் மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிஷம். கேள்விக்கு ஒரு நிமிஷம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அறிவில் ஒரு குறையும் இல்லை, அந்த மாதிரிக் கேள்வியைப் பார்த்துப் பழக்கமில்லை, அதுதான் தடை. ஒருநாள் 3, 8, 15, 24, அடுத்து என்ன என்று கரும்பலகையில் எழுதிப் போட்டார்கள். கடைசி வரிசைப் பையன் ஒருவன் விரலை மடக்கி எண்ணி, "அஞ்சு கூடுது, ஏழு கூடுது, ஒம்பது கூடுது, அப்போ பதினொண்ணு கூடும், முப்பத்தஞ்சுக்கா" என்றான். அதே பையன் மாதிரித் தேர்வில் நாலாவது கேள்வியிலேயே கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டான். சொல்லிக்கொடுக்கிற பெண் பக்கத்தில் போய்க் குனிந்து, "விட்டுட்டு அடுத்ததுக்குப் போ கண்ணு, கடைசியில திரும்பி வரலாம்" என்றாள். வட்டத்தை எப்படி முழுசாகக் கருப்பாக்குவது, நேரத்தை எப்படிப் பிரிப்பது, தப்பான பதிலுக்கு மார்க் குறையாது என்பதால் எதையும் காலியாக விடாதே என்பதெல்லாம் அண்ணன் அக்கா வயசில் இருக்கிறவர்கள் சொன்னால்தான் அவர்களுக்கு ஏறுகிறது. எங்களைப் போன்றவர்கள் போய் நின்றால் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள்.

தேர்ச்சி பெற்றதோடு வேலை முடிவதில்லை. வருமானச் சான்றிதழ், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, ஆதார் இணைப்பு, வருஷா வருஷம் புதுப்பிப்பது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. பரீட்சையில் ஜெயித்த பிள்ளை காகிதத்தில் தோற்கக்கூடாது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே கடைசி நாளில்தான் தெரிகிறது. போனில் எல்லாம் செய்யத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒருவர் இ-சேவை மையத்துக்குக் கூட வந்தால் அந்த வீட்டுக்கு எவ்வளவு தைரியம்!

குழந்தைகளோடு வேலை செய்கிற சங்கங்கள் சில விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். தலைமை ஆசிரியரின் அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. ஒரு பிள்ளையோடு ஒரு தொண்டர் தனியாக இருக்கக்கூடாது, எப்போதும் இன்னொருவர் இருக்க வேண்டும். உதவி வாங்குகிற பிள்ளையின் முகத்தைப் படம் எடுத்துப் போடக்கூடாது. அந்தப் பிள்ளை நாளைக்கு அதே வகுப்பில் எல்லாரோடும் உட்கார வேண்டும்.

இளைஞர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்களுக்கு போலியோவைச் சொல்கிறேன். ஒரு பகுதியில் இருக்கிற எல்லாக் குழந்தைக்கும் குறிப்பிட்ட நாளில் ஒன்றாகச் சொட்டு மருந்து கொடுக்கிற முறையை 1980-களின் தொடக்கத்திலேயே வேலூரில் சிஎம்சி மருத்துவர் ஜேக்கப் ஜானும் அவரோடு இருந்தவர்களும் செய்து காட்டினார்கள், 1983-ல் அந்த ஆய்வு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. ரோட்டரி 1985-ல் உலக அளவில் போலியோ ஒழிப்பை எடுத்துக்கொண்டது. நாடு முழுக்க 1995-ல் தொடங்கியது. இந்தியாவில் இயற்கையாகப் பரவுகிற போலியோவின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. நடுவில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பஸ் ஸ்டாண்டு, எத்தனை ரயில் நிலையம்! பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, குழந்தையின் விரலில் மை வைத்துக்கொண்டு நின்றவர்களில் கல்லூரிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் நின்றதற்குக் காரணம், அந்த பூத்துக்கு அவர்கள்தான் பொறுப்பு என்று சொல்லியிருந்ததுதான்.

கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிற மாணவர்கள் வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்பது கணக்கு. வேலூரில் எத்தனை கல்லூரி இருக்கிறது, நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் ஒரு பகுதி சனிக்கிழமை வகுப்புக்கு வந்தாலே நம்மைச் சுற்றியிருக்கிற நடுநிலைப் பள்ளிகளில் பாதிக்கு ஆள் கிடைத்துவிடும்.

சங்கத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் உங்கள் பொருளாளருக்குப் பக்கத்தில் இருபது வயசுப் பிள்ளை ஒருவரை உதவிப் பொருளாளராக உட்கார வையுங்கள். கேட்டுக்கொண்டிருக்கிற மாணவர்களிடமும் ஒன்று சொல்கிறேன்: சங்கம், மன்றம் எதுவும் உங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியரைப் பாருங்கள், எட்டாம் வகுப்பில் எத்தனை பேர் என்எம்எம்எஸ் எழுதப் போகிறார்கள் என்று கேளுங்கள். பள்ளி திறந்த ஜூன் மாதமே கேட்டால் தயார் செய்ய நிறைய நேரம் இருக்கும்.

நன்றி, வணக்கம்.