ஐஸ் பாருக்குள் இருக்கும் கரண்ட்

நேயர்களுக்கு வணக்கம். மின்சாரத்தைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். மண்டபம், பாம்பன் பக்கம் இருந்து நீங்கள் கேட்பதால் நான் ஐஸில் ஆரம்பிக்கிறேன்.

2012. சென்னையைத் தாண்டிவிட்டால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட கரண்ட் போன காலம். என் மச்சான் அப்போது ஐஸ் ஃபேக்டரி நடத்திக்கொண்டிருந்தார். தகரக் கேனில் நல்ல தண்ணீரை ஊற்றி, பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்த உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்குவார்கள். பார் ஓரத்திலிருந்து உள்ளே உறைந்து வரும். நடுப்பகுதி கடைசியில்தான் கட்டியாகும். ஒருநாள் விடியற்காலை, கடலுக்குப் போகும் போட்டுகள் ஐஸுக்கு வரிசையில் நிற்க, கேனைக் கவிழ்த்தார்கள். பார் வந்தது. நடுவில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை, அதில் தண்ணீர்.

மச்சான் சத்தம் போடவில்லை. "கரண்ட் போறதுகூடப் பரவாயில்ல. எப்பப் போகும்னு சொல்லித் தொலைச்சா நான் சமாளிச்சுக்குவேன்ல" என்றார்.

அன்றைய பற்றாக்குறைக்கு ஒரு காரணம் கம்பி. வேறு மாநிலத்தில் மின்சாரம் மிஞ்சினாலும் தெற்கே தேவையான அளவுக்குக் கொண்டுவர வழியில்லை. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர் - சோலாப்பூர் உயரழுத்தப் பாதை இணைந்த பிறகுதான் நாடு முழுவதும் ஒரே கிரிட், அதாவது ஒரே மின்கம்பி வலை ஆனது. 2024 மே 30 அன்று இந்தியாவின் உச்சத் தேவை சுமார் 2,50,000 மெகாவாட். அதைச் சமாளித்தும் விட்டார்கள்.

அப்புறம் என்ன குறை? பொழுது சாய்ந்த பிறகுதான் இருக்கிறது குறை. நம் ராமநாதபுரம் மாவட்டத்தையே பாருங்கள். 'தண்ணியில்லாக் காடு' என்று பெயர் வாங்கிய ஊர், வெயிலுக்குப் பஞ்சமில்லை. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது, கிட்டத்தட்ட 2,500 ஏக்கர். மத்தியானம் கொட்டுகிற மின்சாரம், ஆறரை மணிக்கு அடங்கிவிடும். அந்த நேரத்தில்தான் வீட்டில் லைட், ஃபேன், ஏசி எல்லாம் சேர்ந்து ஓட ஆரம்பிக்கும். வழுதூரில் எரிவாயு நிலையம் இருக்கிறது, ராத்திரியும் ஓடும். ஆனால் 200 மெகாவாட்டுக்கும் குறைவு.

பகல் மின்சாரத்தை ராத்திரிக்குத் தள்ள பேட்டரி வருகிறது. கோவை மாவட்டம் காடம்பாறையில் மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மலை வேண்டும். நமக்கு மலைக்கு எங்கே போவது?

நமக்கு இருப்பது ஐஸ் ஃபேக்டரி. மத்தியானம் கம்ப்ரசரை முழு வேகத்தில் ஓட்டி உப்புத் தண்ணீரைக் கூடுதலாகக் குளிர வைத்தால், சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்தினாலும் பார் உருகாது. உறைவது கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். அதற்கும் கணக்கு பண்ணி முன்கூட்டியே கேனை இறக்கிவிடலாம். 2012இல் பாரை ஓட்டையாக்கிய அதே நிறுத்தம், நாமே நேரம் குறித்து நிறுத்தினால் சேமிப்பாகிவிடுகிறது. ஒரு ஃபேக்டரியால் கிரிட்டுக்கு ஒன்றும் ஆகாதுதான். கடற்கரை நெடுக எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மீனைக் குளிரூட்டும் கிடங்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சும்மா யாரும் நிறுத்த மாட்டார்கள், சரி. 2023இல் மத்திய அரசு திருத்திய விதிப்படி, சூரிய நேரத்துக் கட்டணம், அதாவது வெயில் அடிக்கும் பகல் நேரத்துக் கட்டணம், வழக்கமானதைவிட 20 சதவீதமாவது குறைவாக இருக்க வேண்டும். உச்ச நேரத்தில் தொழிற்சாலைகளுக்கு 20 சதவீதமாவது கூட. பில்லில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே என் கட்சி.

போன மாதம் மச்சானிடம் இதைச் சொன்னேன். பாக்கெட்டிலிருந்து கால்குலேட்டரை எடுத்துவிட்டார். "மாப்ள, மத்தியானம் யூனிட் எவ்வளவு, சாயங்காலம் எவ்வளவு, அதை மட்டும் சொல்லு."