சாவி யார் கையில்? துப்பாக்கி அறையைப் பற்றி ஒரு சொற்பொழிவு

அவையோருக்கு என் வணக்கம்.

ஆங்கிலேயர் ‘கன்ரூம்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு இடங்களைக் குறித்து வந்தார்கள். ஒன்று, நாட்டுப்புறத்துப் பெரிய மாளிகைகளில் வேட்டைத் துப்பாக்கிகளை வைத்துப் பேணிய அறை. மற்றொன்று, அவர்களுடைய போர்க்கப்பல்களின் பின்பகுதியில் இருந்த அறை. முன்னதில் துப்பாக்கி நிலைத்தது. பின்னதில் துப்பாக்கி வெளியேறிப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. ‘படைக்கொட்டில்’ என்னும் நம் பழைய சொல்லை இவற்றுக்கு இடத் தயங்குகிறேன். அது வேந்தனின் படைக்கலங்கள் இருக்கும் இடம். ஒரு குடும்பம் வாழும் வீட்டுக்குள்ளும், நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து உறங்கிய மரக்கப்பலுக்குள்ளும் ஆயுதம் எங்கே வைக்கப்பட்டது, அதைத் திறக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் வீடு. பழைய மாளிகைகளில் ஆயுதத்துக்குத் தனியறை வேண்டியிருக்கவில்லை. பெருங்கூடத்துச் சுவரே அதன் இடம். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் மூன்றாம் வில்லியம் மன்னரின் காவலர் கூடத்தில் ஏறத்தாழ 3,000 ஆயுதங்கள் கோலம் போட்டதுபோல் சுவரெங்கும் அடுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். வருகிறவர் பார்த்து அஞ்ச வேண்டும் என்பதே அந்த அடுக்கின் நோக்கம். வேட்டைத் துப்பாக்கிக்கு அந்த வேலை இல்லை. அது அடிக்கடி எடுக்கப்படுவது, நனைவது, அழுக்கேறுவது. கருமருந்து எரிந்தபின் குழலுக்குள் படியும் கசடு ஈரத்தை ஈர்த்து ஓரிரவிலேயே துருவை வரவழைத்துவிடும். ஆகவே வேட்டை முடிந்த அன்று மாலையே குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் இட்டாக வேண்டும். பர்மாவின் நில எண்ணெய்க் கிணறுகளை நினைவூட்டும் ‘ரங்கூன் எண்ணெய்’ என்ற பெயரில் ஒரு துப்பாக்கி எண்ணெய் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வழங்கியது என்பதை இங்கே போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன்.

ஈரமும் கசடும் எண்ணெய் நாற்றமும் வரவேற்பறைக்கு ஆகாதவை என்பதால், 19ஆம் நூற்றாண்டில் மாளிகை கட்டியவர்கள் தரைத்தளத்தில் பக்கவாசலை ஒட்டி இதற்கென ஓர் அறையை ஒதுக்கினார்கள். அதில் ஈரம் போக்க ஒரு கணப்பு, உட்புறம் கம்பளித் துணி ஒட்டிய கண்ணாடி அலமாரிகள், துடைப்பதற்கு ஒரு மேசை ஆகியவை இருக்கும். வேட்டைக் காவலர் வீட்டின் உள்ளறைகள் எதையும் மிதிக்காமல் சேற்றுக் காலணியோடு அங்கே வந்து போகலாம். எசமானரும் ஊழியரும் ஒரு வேலையைப் பற்றிச் சமமான அக்கறையோடு பேசிக்கொண்ட அறைகள் அந்த மாளிகைகளில் மிகச் சில; இது அவற்றில் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் அந்தச் சமத்துவம் கதவைத் தாண்டாது. 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுன் வருமானம் தரும் சொந்த நிலமோ, 150 பவுன் தரும் நீண்டகாலக் குத்தகை நிலமோ இல்லாத பெரும்பாலோர் முயலையும் கௌதாரியையும் வேட்டையாடும் உரிமை அற்றவர்கள். அது மட்டுமன்று, பண்ணைப் பிரபு அமர்த்திய காவலர், தகுதியற்றவர் வீட்டில் புகுந்து சோதனையிட்டுத் துப்பாக்கியையும் வேட்டை நாயையும் வலையையும் பறித்துச் செல்லவும் அச்சட்டம் இடமளித்தது. ஒருவர் வீட்டில் துப்பாக்கி இருப்பது குற்றம், அடுத்தவர் வீட்டில் அதற்குத் தனி அலமாரி. நிலத்தகுதி நீங்கியது 1831இல்தான்; அதன்பின் உரிமச் சீட்டுப் பெற்றவர் எவரும் வேட்டையாடலாம் என்றாயிற்று. சட்டம் தளர்ந்த பின்னரே மாளிகைகளின் துப்பாக்கி அறைகள் பெருகின என்பது வேடிக்கைதான். அதற்குக் காரணம் உரிமை அன்று, தொழில்நுட்பம். பின்புறம் தோட்டா இடும் துப்பாக்கி 1851ஆம் ஆண்டின் லண்டன் பெருங்கண்காட்சிக்குப் பின் பரவியது. ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகள், ஒன்றைச் சுடும்போது மற்றதை நிரப்பித் தர ஓர் ஆள் என்று வேட்டையே தொழிற்சாலைபோல் ஆனது. 1913 டிசம்பர் 18 அன்று ஹால் பார்ன் என்னும் இடத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் குழு ஒரே நாளில் 3,900க்கும் மேற்பட்ட ஃபெசன்ட் பறவைகளைச் சுட்டு வீழ்த்தியது. அத்தனை வெடிப்புக்குப் பின் துடைக்க வேண்டிய குழல்களை எண்ணிப் பாருங்கள்.

இனிக் கப்பல். பெரிய போர்க்கப்பலில் கீழ்ப் பீரங்கித் தளத்தின் பின்கோடியில் இருந்த ‘கன்ரூம்’ கன்னர் என்னும் பீரங்கிப் பொறுப்பாளரின் ஆட்சிக்கு உட்பட்டது. கப்பலின் மிக இளைய சிறுவர்களும் அங்கேயே அவர் கண்காணிப்பில் உறங்கினார்கள். ஃப்ரிகேட் போன்ற சிறிய கப்பல்களில் அதே பெயருடைய அறை அதிகாரிகள் உணவருந்தும் இடமாகிவிட்டது. பின்னாளில், நீராவிக் கப்பல்களின் காலத்தில், இளநிலை அதிகாரிகளான மிட்ஷிப்மேன்களும் சப்-லெப்டினன்ட்களும் உண்டு உறங்கி ஒருவரையொருவர் வதைத்துக்கொண்ட இளையோர் கூடத்துக்கு அப்பெயர் போய்ச் சேர்ந்தது.

வெடிமருந்தை இந்த அறையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது நீர்மட்டத்துக்குக் கீழே, ஆழத்தில் இருந்தது. அந்த அறைக்குள் விளக்கு செல்லாது. பக்கத்துச் சிற்றறையில் விளக்கை ஏற்றி, கண்ணாடிச் சாளரத்தின் வழியே ஒளியை மட்டும் உள்ளே விட்டார்கள். பொறி பறக்காதிருக்க இரும்புக்குப் பதில் செம்பு, காலில் கம்பளிச் செருப்பு.

ஆனால் கப்பல் தலைவர்கள் அஞ்சியது நெருப்புக்கு மட்டுமன்று, மாலுமிகளின் கலகத்துக்கும்தான். கப்பலில் இருந்த படைவீரர்களான மரைன்களின் தூங்குமஞ்சங்களை மாலுமிகளுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவே கட்டச் செய்ததன் பொருள் அதுவே. டஹிட்டியிலிருந்து சீமைப்பலாக் கன்றுகளை ஏற்றிவந்த ‘பௌண்டி’ கப்பலில் மரைன்களே இல்லை. கன்றுகளின் தொட்டிகளுக்காகத் தலைவரின் பெரிய அறையே ஒழித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. ஆயுதப் பெட்டியின் சாவியை வைத்திருக்க வேண்டியவர், கப்பலைச் செலுத்தும் பொறுப்புடைய ‘மாஸ்டர்’ ஜான் ஃப்ரையர். அவர் அதை ஆயுதக் கம்மியரான கோல்மனிடம் விட்டிருந்தார். 1789 ஏப்ரல் 28 விடியற்காலையில், சுறாவைச் சுட ஒரு துப்பாக்கி வேண்டும் என்று சொல்லி, கலகத்துக்குத் தலைமை தாங்கிய ஃப்ளெட்சர் கிறிஸ்டியனின் கூட்டத்தார் அந்தச் சாவியை வாங்கினார்கள். சிறிது நேரத்தில் கப்பல் தலைவர் பிளை கைகள் கட்டப்பட்டு நின்றார். அவரும் அவரோடு 18 பேரும் ஒரு படகில் ஏற்றி விடப்பட்டார்கள்.

நம் காதுக்குப் பழகிய ஊர்ப்பெயரைத் தாங்கிய ஒரு கப்பலும் இந்த வரலாற்றில் உண்டு. 1782இல் திருகோணமலைக்கு அருகே நடந்த கடற்போரின் நினைவாகப் பெயரிடப்பட்டு, பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய ‘டிரின்கோமலி’ என்னும் ஃப்ரிகேட், இப்போது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதக்கிறது. அதில் ‘கன்ரூம்’ என்று சுட்டப்படுவது அதிகாரிகளின் உணவு மேசையும் அதைச் சுற்றிய சிற்றறைகளும்தான்.

மாளிகைகளிலும் கண்ணாடி அலமாரியின் காலம் முடிந்துவிட்டது. 1987இல் இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்டு ஊரில் துப்பாக்கியால் நடந்த கொலைகளை அடுத்து வந்த 1988ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வேட்டைத் துப்பாக்கிகளையும் பாதுகாப்பாகப் பூட்டி வைக்க வேண்டும் என்றது. பச்சைக் கம்பளித் துணியின் இடத்தை இரும்புப் பெட்டி பிடித்தது. துப்பாக்கி வைத்திருப்பதற்கான சான்றிதழ் கணவர் பெயரில் மட்டும் இருந்தால், அந்தப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்பது மனைவிக்குக்கூடத் தெரியக் கூடாது என்று காவல்துறை இன்று அறிவுறுத்துகிறது.