கருப்பியின் குறட்டைக்குக் காரணம் சளி இல்லை

வணக்கம். முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். கைப்பேசியை மைக் பக்கத்தில் வைக்கிறேன்... கேட்டதா? உறங்குகிற பூனையின் குறட்டை இல்லை இது. எங்கள் பூனை கருப்பி விழித்தபடி ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சு விட்ட சத்தம். அவளுக்கு ஒன்றரை வயது.

பாலக்காட்டுப் பக்கம் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைக்கும். அதனால் வந்த சளி என்றுதான் நாங்களும் நினைத்தோம். முதலில் காட்டிய இடத்தில் ஜலதோஷம் என்று மருந்து கொடுத்தார்கள். மருந்து தீர்ந்ததும் சத்தம் திரும்பிவிடும். மூன்று முறை இப்படியே நடந்தது. வீணாய்ப் போன அந்த இரண்டரை மாதத்தை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

அடுத்துப் பார்த்த மருத்துவர் ஒரு சிறு கண்ணாடித் துண்டை அவள் மூக்கின் முன்னே பிடித்தார். இரண்டு துளைக்கும் நேரே லேசான ஆவிதான் படிந்தது. ஒரு துளை மட்டும் அடைத்திருந்தால் ஒரு பக்கம்தான் குறையும். இரண்டும் குறைந்தால், மூக்குக்குப் பின்னால் இரு வழியும் ஒன்றுசேரும் இடத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்றார். பக்கவாட்டில் படுக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார். காற்று உள்ள இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். வாயின் மேற்கூரையில் பின்பக்கம் இருக்கும் மென்மையான பகுதியான மெல்லண்ணத்துக்கு மேலே, கறுப்பாக ஓட வேண்டிய பாதையில், கட்டைவிரல் நுனி போலச் சாம்பல் நிறத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

எக்ஸ்ரேயில் மண்டை எலும்புகளின் நிழல் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும். அந்தக் கட்டி எங்கிருந்து கிளம்புகிறது என்பது அதில் பிடிபடவில்லை. வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் போய், மயக்க மருந்து கொடுத்து சி.டி. ஸ்கேன் எடுத்தோம். காதுக்குக் கீழே நடுச்செவியின் எலும்புக் குமிழ் இருக்கிறதே, அது வலப்பக்கம் காற்றோடு கறுப்பாக இருந்தது. இடப்பக்கம் முழுக்க அடைந்து கிடந்தது. மூக்கில் கேட்ட சத்தத்துக்கு வேர் காதில்! இளம் பூனைகளுக்கு வரும் பாலிப் என்ற புற்றல்லாத சதை வளர்ச்சி இப்படித்தான் நடுச்செவியிலிருந்து தொண்டைப் பக்கம் வளர்ந்து இறங்கும்.

படம் மட்டும் போதாது, புற்றா இல்லையா என்பதைத் திசுப் பரிசோதனைதான் சொல்லும். ஆனால் ஸ்கேனை முதலில் எடுத்துவிடுங்கள். திசு எடுத்தபின் கசியும் இரத்தம் படத்தைக் குழப்பிவிடும்.

கட்டியை வாய்வழியாகப் பிடித்து இழுத்தே எடுத்தார்கள். திசுவில் பாலிப் என்று உறுதியானது. சில நாள் இடக்கண் இமை தொங்கியது, பயந்துபோனேன். நரம்பு உரசலால் வருவதாம், சரியாகிவிட்டது.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது அவசரம். அந்த நிலையில் படத்துக்காக அதை அழுத்திப் பிடிக்க விடாதீர்கள், முதலில் ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் கேட்கிற சத்தத்தைக் கைப்பேசியில் பதிந்து கொண்டுபோங்கள். மருத்துவமனை மேசையில் பூனை அடங்கிப்போய்விடும்.

பாலிப் மறுபடி வளரக்கூடும். அதனால் இடக்காதைப் பார்க்க அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.