வால் தெரியாத சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம். கைபேசியில் தமிழில் தட்டும்போது விசைப்பலகைக்கு மேலே ஒரு பட்டையில் மூன்று சொற்கள் வந்து நிற்குமே, பார்த்திருப்பீர்கள். நாம் பாதி தட்டுவதற்குள் 'இதுவா, அதுவா' என்று கேட்கும், ஒன்றைத் தொட்டால் முழுச்சொல்லும் விழுந்துவிடும். அந்தப் பட்டையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

என் சித்தி ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கைபேசியிலும் எழுத்துநடைதான், 'வாங்கிட்டியா' என்றெல்லாம் எழுத மாட்டார். கண் மங்கியதால் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறார். ஒருநாள் அம்மாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது. நான் வேலை முடிந்து கிளம்பும் நேரத்தில் சித்தியிடமிருந்து செய்தி வருகிறது: 'மாத்திரை வாங்கிக்கொண்டேன்'. சரி, வாங்கிவிட்டார் என்று மருந்துக்கடையைத் தாண்டி நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலிலேயே சித்தி, "மாத்திரை எங்கேப்பா?" என்கிறார். அவர் கேட்க நினைத்தது 'வாங்கிக்கொண்டாயா'. கேள்வி பதிலாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. திரும்ப ஓடினால் கடை அடைத்தாயிற்று, அன்றிரவு அம்மா மாத்திரை போடாமல்தான் படுத்தார்.

அப்புறம் அந்தக் கைபேசியை வாங்கி நானே தட்டிப் பார்த்தேன். 'வாங்கிக்' என்று தட்டியதும் மூன்று கட்டத்திலும் 'வாங்கிக்கொண்', பக்கத்தில் மூன்று புள்ளி. அவ்வளவுதான். ஒன்று 'கொண்டேன்', ஒன்று 'கொண்டாயா', இன்னொன்று 'கொண்டு'. எது எந்தக் கட்டத்தில் என்று யாருக்குத் தெரியும்? தமிழாசிரியைக்கே தெரியவில்லை.

தமிழில் வினைச்சொல்லுக்கு உயிர் வாலில் இருக்கிறது. செய்தது நானா நீயா, நேற்றா நாளையா, கேள்வியா, இல்லை என்ற மறுப்பா, எல்லாம் கடைசியில்தான் வந்து ஒட்டும். ஆங்கிலத்தில் இவை பெரும்பாலும் தனித்தனிச் சிறு சொற்கள், அதனால் மூன்று கட்டத்தில் அடங்கிவிடும். நம் சொல் நீளம், இடம் போதாமல் வெட்டும்போது வாலை வெட்டிவிடுகிறார்கள். தலையை வெட்டுங்கள் என்கிறேன் நான். தலை நாம் சற்றுமுன் தட்டியதுதானே, திரையில் கண்ணெதிரே இருக்கிறதே! அதை மறுபடி காட்டுவானேன்? '…கொண்டேன்', '…கொண்டாயா' என்று வாலைக் காட்டினால் போதும். இல்லையா, மூன்று சொல்லுக்குப் பதில் இரண்டே காட்டட்டும், பட்டை இரண்டு வரியாகட்டும். சில கைபேசிகளில் வெட்டாமல் எழுத்தை நசுக்கி ஒடுக்குகிறார்கள், அதுவும் வேண்டாம், கால் எது கொம்பு எது என்று தெரியாமல் போகிறது. எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்பவர்கள் கண் மங்கியவர்கள், அவர்களுக்குத்தான் சொல் இன்னும் சீக்கிரம் வெட்டுப்படுகிறது, இதை நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

தமிழின் 247 எழுத்துகளையும் 31 விசைகளில் அடக்கி 1999இல் தமிழ்99 விசைப்பலகையை வகுத்தார்கள். எந்த விரலுக்கு எந்த எழுத்து என்று அவ்வளவு யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனையில் கொஞ்சம் இந்தப் பட்டைக்கும் வேண்டும், வேறொன்றுமில்லை.

இன்னொன்று. பல விசைப்பலகைகளில் தானாகத் திருத்தும் வசதி ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் எதையும் தொடாமல் இடைவெளி விசையை அழுத்தினாலே நடுக்கட்டத்துச் சொல் விழுந்துவிடும். கொஞ்சம் தடித்த எழுத்தில் காட்டுவார்கள், அது யார் கண்ணில் படுகிறது? வேறு நிறம் கொடுத்தால் என்ன? அதுவரை அமைப்புகளுக்குள் போய் அந்தத் திருத்தத்தை அணைத்து வையுங்கள். பரிந்துரை இருக்கும், தானாக விழாது. அனுப்புமுன் வாலை ஒருமுறை படியுங்கள், சொல்லின் வாலை.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பார்வையற்றவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், இப்போது ஒரு வரிதான் முடியும். திரையைப் படித்துக்காட்டும் குரலில் 'பனி'யும் 'பணி'யும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றுதான், பள்ளியில் சொல்லித்தந்தார்களே ரெண்டுசுழி ன, மூணுசுழி ண என்று, பரிந்துரையைப் படிக்கும்போது அந்தக் குரலும் அப்படியே சொல்லிவிட்டால் அவர்கள் தயங்காமல் தொடலாம். வணக்கம்.