மூடிய பெட்டியும் நின்றுபோன ஒப்பாரியும்

அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பிலுள்ள ஒரு மலர்ச்சாலைக்கு இறுதி அஞ்சலி செலுத்தப் போயிருந்தேன். இறந்தவர் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர். பெட்டி மூடியே இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் சிறுநீரகம் பழுதடைந்துவிட்டது என்ற ஒரே விடை, மனப்பாடம் செய்து ஒப்புவிப்பதுபோல வந்தது. உண்மை என்னவென்பது அங்கிருந்த பலருக்குத் தெரிந்தும் இருந்தது. பெரியம்மா முறையான ஒரு மூதாட்டி தலைமாட்டில் அமர்ந்து ஒப்பாரி எடுத்தார். உறவினர் ஒருவர் குனிந்து அவருடைய காதில் ஏதோ சொன்னார். பாட்டு முதலடியிலேயே நின்றுபோயிற்று.

எயிட்ஸ் நோயின் மனத்துயரத்தை நாடகமும் திரைப்படமும் எவ்வாறு எதிர்கொண்டன என்று பேச அழைக்கப்பட்டபோது அந்த முதலடிதான் என் நினைவுக்கு வந்தது. வாய்விட்டு அழ முடியாமற்போனவர்களுக்கு அழுவதற்கு ஓர் இடம் அமைத்துக் கொடுத்ததையே இக்கலைகள் செய்த பெரிய காரியமாக நான் கருதுகிறேன்.

அமெரிக்க எழுத்தாளர் லரி கிராமர் எயிட்ஸைப் பற்றி எழுதிய 'த நோர்மல் ஹார்ட்' என்ற நாடகம் 1985 ஏப்ரலில் நியூயோர்க்கின் பப்ளிக் தியேட்டரில் மேடையேறியது. அரங்கின் வெள்ளைச் சுவர்களில் இறந்தோரின் பெயர்களும் நோயாளர் தொகையும் கறுப்பு எழுத்துகளில் தீட்டப்பட்டிருந்தன. தொகை கூடும்போது பழைய எண்ணை வெட்டிவிட்டுப் புதியதை எழுதினார்கள். அரசாங்கத்தையும் பத்திரிகைகளையும் சாடும் அந்த நாடகத்தில் கூச்சல் சற்று அதிகம் என்று சொல்பவர்களோடு எனக்குப் பெரிய பிணக்கில்லை. ஆனால் ஓரிடத்தில் ஒரு மனிதர், தம் துணைவனின் உடலை மருத்துவமனை ஊழியர் குப்பைப் பையில் திணித்துப் பின்புறச் சந்தில் குப்பையோடு போட்டுவிட்டதை, அதுவும் பெற்ற தாய் உடனிருக்கும்போதே நடந்ததை, விவரிக்கிறார். மேடையில் உடலும் இல்லை, பையும் இல்லை. ஒருவர் நின்று சொல்கிறார், அவ்வளவுதான். வாசிக்கும்போதெல்லாம் அந்த மூடிய பெட்டி என் கண்முன் வந்து நிற்கிறது.

வானொலியில் பேசுவதால் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். எயிட்ஸால் பார்வையை இழந்துகொண்டிருந்த ஆங்கிலேய இயக்குநர் டெரெக் ஜார்மன் 1993இல் 'புளூ' என்ற படத்தை எடுத்தார். எழுபத்தொன்பது நிமிடமும் திரையில் நீல நிறம் மட்டுமே தெரியும். மற்றவையெல்லாம் குரலும் இசையும் ஓசையும்தான். பிரித்தானியாவில் சனல் 4 தொலைக்காட்சியும் பி.பி.சி. ரேடியோ 3 வானொலியும் அதனை ஒரே நேரத்தில் வழங்கின. இறந்துபோன நண்பர்களின் பெயர்கள் அதில் ஒவ்வொன்றாக உச்சரிக்கப்படுகின்றன. எமது ஒப்பாரியிலும் இறந்தவரை விளித்து அழைப்பதுதானே முதல் வேலை? அடுத்த பெப்ரவரியில் ஜார்மன் மறைந்தார்.

எமக்கு அருகிலென்றால், இயக்குநர் ஓனிரின் 'மை பிரதர் நிகில்' என்ற 2005ஆம் ஆண்டு இந்திப் படத்தைச் சொல்வேன். கோவாவின் நீச்சல் வீரன் ஒருவனுக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் பெற்றோர் கைவிடுகின்றனர். அக்காவும் காதலனும் கைவிடவில்லை. பொலிஸார் அவனைப் பிடித்து அடைத்துவைக்கும் காட்சிகளைவிட, பின்னர் பெற்றோரே கமராவைப் பார்த்துப் பேசும் இடங்கள்தாம் என்னை அதிகம் வருத்தின.

இலங்கையர் ஒருவருக்கு, எயிட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் அடையாளங்காணப்பட்டது 1987இல். இரத்தம் ஏற்றியதால் தொற்றுக்குள்ளான, குழந்தைகளுக்கான மருத்துவர் கமலிகா அபேரத்ன, தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசி, 2004இல் காலமானார். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்றளித்தது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. தமிழ் மேடையில் நான் பார்த்தவையோ எச்சரிக்கை நாடகங்களாகவே இருந்தன. இது திறமைக் குறைவால் வந்ததென்று நான் நம்பவில்லை. கிராமரின் நாடகம் அரங்கேறிய அதே 1985இல்தான் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' யாழ்ப்பாணத்தில் ஒரு சமூகத்தின் துயரத்தை மேடைக்குக் கொண்டுவந்தது. போரின் சாவுக்கு மேடை தந்த நாம், வெட்கம் சூழ்ந்த சாவென்றால் பிரசங்கத்துக்குள் ஒளிந்துகொள்கிறோம்.

உலக எயிட்ஸ் தினமான ஒரு டிசம்பர் முதலாந் திகதி, கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே தெருநாடகம் ஒன்றைப் பார்த்தேன். மண்டையோட்டு முகமூடி அணிந்த எமன் பாசக்கயிற்றை வீச, இளைஞன் விழுந்தான், நால்வர் சுலோகம் சொன்னார்கள், கைதட்டல் எழுந்தது. கூட்டம் கலையும்போது, மரக்கறிப் பையோடு நின்ற ஒரு பெண் எமனாக நடித்த பையனிடம் கேட்டார்:

"ஏன் தம்பி, அந்தப் பொடியனுக்குத் தாய் இல்லையா?"

அவன் முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "அது நாடகத்தில இல்லை அம்மா" என்றான்.

வணக்கம்.